மாடிச் சாடியில் இலை நிறம் மாறினால்: சத்துக் குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

சாடியில் நிற்கும் மிளகாய்ச் செடி மஞ்சளித்தால் நாம் முதலில் தேடுவது யூரியாப் பையைத்தான். ஒரு பிடி அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு நாலு நாள் பார்ப்போம். சில செடிகள் பச்சைக்குத் திரும்பும். பல செடிகள் இன்னும் மோசமாகும். ஏனென்றால், கொழும்பு மாடிகளில் மஞ்சளிக்கும் செடிகளில் நிறைய, சத்து இல்லாமல் மஞ்சளிப்பதில்லை. சத்து மண்ணில் கிடக்கும், வேரால் அதை எடுக்க முடியாமல் இருக்கும். இது தெரியாமல் போடும் பசளை காசுக்கும் நட்டம், வேரையும் சுடும்.

இங்கே எழுதுவது சாடி, பெயின்ற் வாளி, உரப்பை, பாதி வெட்டிய பீப்பா என்று எதிலாவது வளரும் மிளகாய், கறிமிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டி, கறிவேப்பிலை, தேசி பற்றி. 2022இல் அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த காலத்தில் கொழும்பில் எத்தனையோ மாடிகளில் செடிகள் ஏறின. அப்போது நிரப்பிய மண்ணையே மாற்றாமல் இன்னும் நட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கீழே உள்ளதில் பாதி நேரடியாகப் பொருந்தும்.

முதலில் எந்த இலை என்று பாருங்கள்

நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். மாற்றம் கீழே உள்ள பழைய இலையில் தொடங்கியதா, உச்சியில் உள்ள புது இலையில் தொடங்கியதா?

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகிய நான்கையும் செடி தன் உடம்புக்குள்ளேயே இடம் மாற்ற முடியும். தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் இவற்றின் குறை கீழ் இலையில்தான் முதலில் தெரியும். கல்சியம், இரும்பு, மங்கனீசு, போரன் போன்றவை ஒருமுறை இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அவை வேரிலிருந்து வருவது நின்றால் அடிபடுவது புது இலை. கந்தகமும் பெரும்பாலும் புது இலையில்தான் காட்டும். நாகம் (சிங்க்) இரண்டுக்கும் நடுவில். இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

இரண்டாவதாக நரம்பைப் பாருங்கள். இலை முழுவதும் ஒரே சீராக வெளிறியிருக்கிறதா, அல்லது நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளா? இலையைப் பிடுங்க வேண்டாம். காலை வெளிச்சத்தில் அப்படியே தூக்கி, சூரியனுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் நரம்பு நன்றாகத் தெரியும். ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஒப்பிட அது வேண்டும்.

பசளை போடுமுன் வேரைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது என்பது என் கருத்து. செடியின் அடித்தண்டைக் கையால் பிடித்துச் சாடியைச் சரித்து, மண்கட்டியோடு மெல்ல வெளியே இழுங்கள். வேர் வெள்ளையாக, அல்லது இளம் கிரீம் நிறத்தில், தொட்டால் உறுதியாக இருந்தால் நல்லது. பழுப்பாக, வழவழப்பாக, விரலால் இழுத்தால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் வேர் அழுகுகிறது. முகர்ந்தாலும் தெரியும், சாக்கடை வாடை அடிக்கும். அப்படி இருந்தால் எந்தப் பசளையும் வேலை செய்யாது. அழுகியதை வெட்டி, காற்றோட்டமுள்ள புது மண்ணில் மாற்றி, நிழலில் வைத்து, புதுத் துளிர் வரும்வரை பசளையே போடாமல் விடுங்கள்.

வேர் சாடியைச் சுற்றிச் சுற்றிப் பாய் பின்னியது போல நிறைந்திருந்தால் வேறு சிக்கல். மண்ணைவிட வேர் அதிகம், ஊற்றும் தண்ணீர் ஓரமாக இறங்கி ஓடிவிடும். பெரிய சாடிக்கு மாற்றுவதுதான் வழி.

அடியில் உள்ள ஓட்டையையும் பாருங்கள். கொங்கிறீற் தளத்தில் நேரே வைத்த சாடிகளில் ஓட்டை மண்ணால் அடைத்துப்போகும். சாடியை இரண்டு ஓட்டுத்துண்டின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் தண்ணீர் வேரையும் கெடுக்கும், டெங்கு நுளம்பையும் வளர்க்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாடிக்கு வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

கீழ் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறுகிறது

இது நைதரசன் குறை. அடி இலை இளம் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி, நரம்பும் சேர்ந்து வெளிறி, கடைசியில் தானே உதிரும். மஞ்சள் படிப்படியாக மேலே ஏறும். செடி மெலிந்து, புது இலை சின்னதாக வரும்.

கொழும்பில் இதற்கு முதல் காரணம் மழை. ஒரு கணக்குப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் வாய் அகலமுள்ள ஒரு சாடியில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதற்குள் விழுவது மூன்றரை லீற்றர் தண்ணீர். ஒக்ரோபர், நவம்பரில் ஒரே மாதத்தில் 300 மில்லிமீற்றரைத் தாண்டும். அப்படியானால் ஒரு சாடிக்குள்ளால் இருபது லீற்றருக்கு மேல் வடிந்து போகிறது. நைதரசனை வேர் பெரும்பாலும் எடுக்கும் வடிவமான நைத்திரேற்று நீரோடு ஓடும் சத்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காது. தரையில் நிற்கும் செடி ஆழமாக வேர் விட்டு அதைத் துரத்திப் பிடிக்கலாம். சாடிச் செடிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மழைக்கு முன்னால் நிறையப் போட்டு வைப்பது பிரயோசனமில்லாத வேலை. மழை விட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே சரி.

இரண்டாவது காரணம் பாதி மக்கிய பொருள். மரத்தூள், உமி, சரியாக மக்காத தும்புத்தூள் இவற்றை மண்ணோடு கலந்தால் அவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை முதலில் தாங்களே எடுத்துக்கொள்ளும். நட்ட சில வாரத்தில் செடி அப்படியே நின்று மஞ்சளிக்கும்.

சரிசெய்ய: யூரியாவில் நைதரசன் 46 சதவீதம், அதனால் அளவு மிகச் சின்னதாக இருக்க வேண்டும். 10 லீற்றர் சாடிக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டி, இரண்டு லீற்றர் தண்ணீரில் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றவே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அவசரத்துக்கு இலைவழி கொடுக்கலாம்: ஒரு லீற்றருக்கு 5 கிராம், மாலையில், இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். இரசாயனம் வேண்டாம் என்பவர்களுக்குச் சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) இலை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. நறுக்கி மண்ணின் மேல் ஒரு படை போட்டு மூடினால் விரைவாக மக்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில் தளர்த்திய அந்த மாதங்களில் பலர் கூட்டெருவோடு மட்டும் சமாளித்தார்கள். கூட்டெரு மண்ணை நல்லபடி வைத்திருக்கும், அதில் சந்தேகமில்லை. காய்க்கும் மிளகாய்க்கு அது மட்டும் போதும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் உள்ள பல்கனியில் வெளிச்சம் குறைந்தாலும் அடி இலை மஞ்சளித்து உதிரும். அங்கே உச்சி இலை நல்ல பச்சையாக, தண்டு நீண்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதற்கு மருந்து இடமாற்றம்.

கீழ் இலை மஞ்சள், நரம்பு பச்சை

மகனீசியம் குறை. நரம்புகளுக்கு நடுவில் மஞ்சள், நரம்பையொட்டிப் பச்சை. தேசியில் இன்னும் தெளிவு: இலைக்காம்பு பக்கம் பச்சை முக்கோணமாக நிற்கும், மற்ற இடமெல்லாம் மஞ்சள். காய் பிடித்த தக்காளியில் அடிக்கடி வரும், ஏனென்றால் காய் மகனீசியத்தை இழுக்கும்.

கொழும்பு மழையில் மகனீசியமும் கரைந்து போகும். அதோடு பொற்றாசியத்தை அளவுக்கு மீறிப் போட்டாலும் வேர் மகனீசியத்தை எடுக்காமல் விடும். சாம்பலை வாளி வாளியாகக் கொட்டிய சாடிகளில் இதைப் பார்க்கலாம்.

பாமசியில் கிடைக்கும் எப்சம் உப்பு (மகனீசியம் சல்பேற்று) போதும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம், அதாவது மட்டமாக இரண்டு தேக்கரண்டி. வெயில் இறங்கிய பிறகு இலையில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை மூன்று தடவை. மண்ணுக்கும் வேண்டுமென்றால் 10 லீற்றர் சாடிக்கு ஒரு தேக்கரண்டியைக் கரைத்து ஊற்றலாம். நீண்ட காலத்துக்கு டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் நல்லது, அதில் கல்சியமும் மகனீசியமும் இருக்கின்றன. மண் புளிப்பாக இருந்தால் மட்டுமே அதைப் போடுங்கள், புதிதாக மண் கலக்கும்போது 10 லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவில்.

கீழ் இலையின் ஓரம் கருகுகிறது

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஓரம் கருகுவதற்கு இரண்டு எதிர் எதிரான காரணங்கள் உண்டு: பொற்றாசியம் போதாமை, உப்பு கூடிப்போதல். ஒன்றுக்குப் பசளை வேண்டும், மற்றதற்குப் பசளையை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் செடி போய்விடும்.

பொற்றாசியம் குறைந்தால் பழைய இலையின் நுனியிலும் விளிம்பிலும் முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு. மெல்ல மெல்ல வரும். காய் சின்னதாகும், தக்காளி சீராகப் பழுக்காது, காம்பைச் சுற்றிய தோள்பகுதியில் பச்சையும் மஞ்சளும் கலந்து நிற்கும். செடி காய்க்கத் தொடங்கிய பிறகே பெரும்பாலும் தெரியும்.

உப்பு கூடியதென்றால் பழைய இலை, புது இலை என்ற பேதம் அவ்வளவு இல்லை. நுனிகள் திடீரென்று கருகும், பசளை போட்ட சில நாட்களில். சாடியின் விளிம்பில், மண்ணின் மேல், வெள்ளைப் பொருக்கு படியும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடி நிற்கும்.

கடலோரத்துக்கு மூன்றாவது காரணமும் உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல் பார்த்த மாடிகளில் உப்புக் காற்று இலையைச் சுடும். அது கடல் பக்கம் திரும்பிய இலையில்தான் கருகலைக் காட்டும், மறுபக்கத்து இலை நன்றாக இருக்கும். அதற்கு ஒரு தடுப்புத் துணியும், காலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவி விடுவதும் போதும். அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுபவர்கள் ஒரு வாய் வைத்துப் பாருங்கள். உவர்ப்புத் தெரிந்தால் செடிக்கு ஊற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சிறிது குளோரின் வாடை இருந்தாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது.

பொற்றாசியக் குறைக்கு: எம்ஓபி (பொற்றாசியம் குளோரைட் பசளை) 10 லீற்றர் சாடிக்கு அரைத் தேக்கரண்டி, கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எஸ்ஓபி (பொற்றாசியம் சல்பேற்று) கிடைத்தால் சாடிக்கு அது இன்னும் நல்லது, குளோரைட் சேராது. விறகு அடுப்புப் பேக்கரிச் சாம்பலிலும் பொற்றாசியம் இருக்கிறது, கூடவே சுண்ணாம்புத் தன்மையும் இருக்கிறது. மாதம் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் ஒரு சாடிக்கு வேண்டாம், கறிவேப்பிலைக்குப் போடவே வேண்டாம். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரை நம்பி இருப்பவர்கள் நிறைய. தோலைக் கூட்டெருக் குவியலில் போடுங்கள், பலன் வரும். ஊறவைத்த தண்ணீரில் இருப்பது கொஞ்சம், ஈக்கள் வருவது அதிகம்.

உப்பு கூடியதற்கு: வெள்ளைப் பொருக்கோடு மேல்மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எறியுங்கள். பிறகு சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு, மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் வடிய விடுங்கள். 10 லீற்றர் சாடிக்கு 20 முதல் 30 லீற்றர். ஒரே மூச்சில் கொட்டாமல் நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டும். அதன்பின் இரண்டு வாரம் பசளை இல்லை. மீண்டும் தொடங்கும்போது பைக்கற்றில் எழுதிய அளவில் பாதி.

அடி இலை ஊதா நிறம்

பொசுபரசு. செடி கரும்பச்சையாகக் குன்றி நின்று, இலையின் அடிப்பக்கமும் தண்டும் ஊதா பூசியது போலத் தெரியும். கூட்டெரு கலந்த சாடியில் அரிதாகத்தான் வரும், வந்தால் பெரும்பாலும் மிகப் புளித்த செம்மண்ணில். சில கத்தரி, மிளகாய் வகைகளின் தண்டு இயல்பிலேயே ஊதா. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிஎஸ்பி (முச்சுப்பர் பொசுபேற்றுப் பசளை) கொஞ்சம் வேரோரத்தில் போட்டால் போதும். எப்பாவலயில் தோண்டி எடுக்கும் பாறைப் பொசுபேற்று மலிவு, ஆனால் மெதுவாகக் கரைவது. தேசி, மாதுளை போன்ற நீண்ட காலச் செடிக்கு நட்டபோதே போடலாம், மூன்று மாத மிளகாய்க்கு அது உதவி செய்து முடிப்பதற்குள் செடியே முடிந்துவிடும்.

உச்சி இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சை

இரும்பு. மகனீசியத்தின் அதே கோலம், இடம் மட்டும் தலைகீழ்: இது குருத்தில் தொடங்கும். கடுமையானால் புது இலை கிட்டத்தட்ட வெள்ளையாக வரும், கீழ் இலையெல்லாம் கரும்பச்சையாகவே நிற்கும். கொழும்பில் கறிவேப்பிலைக்கு இது அடிக்கடி வரும் நோய்.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. கொழும்புப் பக்கத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. அந்த மண்ணில் நிற்கும் செடிக்கு இரும்பு எப்படிக் குறையும்? மண் காரமானால், அதாவது புளிப்புக்கு எதிரான சுண்ணாம்புத் தன்மை கூடினால், இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். வேருக்குப் பக்கத்திலேயே கிடக்கும், எடுக்க முடியாது. மண்ணைக் காரமாக்குவது நம் வீட்டிலேயே இருக்கிறது: சீமெந்து.

கொட்டாஞ்சேனையில் தெரிந்த அக்கா ஒருவரின் மாடியில் கறிவேப்பிலை வெள்ளையாகிக் கொண்டு வந்தது. "தம்பி, எவ்வளவோ எரு போட்டன், இன்னும் வெளிறுது" என்றார். சாடி புதிதாக வார்த்த சீமெந்துச் சாடி. மண், பக்கத்தில் வீடு இடித்த இடத்திலிருந்து அள்ளியது, உள்ளே சாந்துத் துண்டுகள் தெரிந்தன. "அக்கா, கொஞ்சம் வினாகிரி இருக்கா?" என்று கேட்டு, ஒரு கரண்டி காய்ந்த மண்ணை எடுத்து அதன்மேல் ஊற்றியபோது புசுபுசுவென்று நுரைத்தது. அதுதான் சோதனை. வினாகிரி பட்டு நுரைக்கும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அவர் செய்ய வேண்டியிருந்தது எரு போடுவதல்ல, சாடியையும் மண்ணையும் மாற்றுவது. பிளாஸ்ரிக் வாளிக்கு, செம்மண்ணும் கூட்டெருவும் கழுவிய தும்புத்தூளும் கலந்த மண்ணுக்கு மாற்றியபின் புதிதாக விட்ட கொழுந்து பச்சையாகவே வந்தது.

புதுச் சீமெந்துச் சாடிதான் வேண்டுமென்றால் சில வாரம் தண்ணீர் நிரப்பி, அடிக்கடி மாற்றி, சுண்ணாம்பு கழன்ற பிறகு பாவியுங்கள். உள்ளே பழைய பொலித்தீன் விரிப்பதும் உதவும், ஓட்டையை அடைக்காமல்.

நுரைக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் தண்ணீர் தேங்கல். ஈரம் விடாத மண்ணில் வேர் மூச்சுத் திணறி இரும்பை எடுக்காது. மே மாதத் தென்மேற்கு மழையில் ஒரேயடியாக வெளிறும் செடிகள், ஒரு கிழமை மழை விட்டால் தாமாகவே தேறுவதைப் பார்க்கலாம். அதற்கு இரும்பு வாங்கத் தேவையில்லை. மழை நேரம் சாடியைச் சரித்து வைத்தால், அல்லது கூரை ஓரம் நகர்த்தினால் போதும்.

உடனடியாகப் பச்சை வேண்டுமென்றால் பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பு லீற்றருக்கு 2 கிராம், சில துளி தேசிப்புளி விட்டு, கரைத்தவுடனேயே தெளியுங்கள். வைத்திருந்தால் துரு நிறமாகி வீணாகும். தரைத் தட்டோட்டில் பட்டால் கறை போகாது, கீழே சாக்கு விரியுங்கள். மண்ணில் இடுவதற்குச் செலேற் இரும்பு (கரையாமல் போகாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு) வாங்கினால் பைக்கற்றைப் படியுங்கள். ஈடிடிஏ என்று இருந்தால் மண்ணின் பீஎச் (புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண், 7 நடுநிலை) 6.5 வரைக்கும்தான் உருப்படியாக வேலை செய்யும். சுண்ணாம்பு மண்ணுக்கு ஈடிடிஎச்ஏ வகை வேண்டும், விலையும் கூட. அந்தப் பணத்துக்கு மண்ணை மாற்றுவதே மேல்.

சாடி மண்ணின் பீஎச் 6 முதல் 6.5 அளவில் இருந்தால் பெரும்பாலான காய்கறிக்கு எல்லாச் சத்தும் கிடைக்கும். கையடக்க மீற்றர் வைத்திருந்தால் நல்லது. மண்ணில் குத்தும் இரட்டை ஊசி மீற்றர்களை நம்பாதீர்கள். மண்ணையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் விட்டு, அந்தக் கரைசலில் அளக்கும் வகையே உதவும்.

குருத்து சுருங்கிக் கருகுகிறது, காயின் அடி கறுக்கிறது

கல்சியம். தக்காளி, கறிமிளகாய்க் காயின் அடிப்பக்கம் தோல் போலக் கறுத்துக் குழிந்தால் அது பூஞ்சணம் இல்லை. வெட்டிப் பார்த்தால் மற்றப் பகுதி நன்றாகவே இருக்கும். அந்தக் காயைப் பறித்து எறிந்துவிடுங்கள், அது தேறாது. அடுத்த காயைக் காப்பாற்றலாம்.

கல்சியம் தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் ஏறும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் எவ்வளவு கல்சியம் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. கொங்கிறீற் மாடியின் நண்பகல் வெயிலில் 10 லீற்றர் சாடி ஒரே நாளில் காய்ந்துவிடும். ஆகவே முதல் மருந்து காலையும் மாலையும் ஒழுங்காகத் தண்ணீர், மண்ணின் மேல் காய்ந்த இலையால் ஒரு மூடாக்கு. யூரியாவையும் எம்ஓபியையும் சிறிது காலம் குறையுங்கள், இரண்டும் கல்சியத்தோடு போட்டி போடும்.

தும்புத்தூளில் மட்டும் வளர்ப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். தும்புத்தூள் நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கிறது, நல்ல ஊடகமும் கூட. ஆனால் அது பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிடித்துக்கொண்டு வருகிறது. நாம் போடும் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குப் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் விடுகிறது. தெற்குக் கரையோரத்தில் உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு இன்னும் அதிகம். பாவிக்குமுன் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீரின் பழுப்பு இளகும்வரை இரண்டு, மூன்று தடவை கழுவுங்கள். கடைசித் தண்ணீரில் கல்சியம் நைத்திரேற்று கரைத்து ஒரு இரவு ஊறவிட்டு வடித்தால் பிறகு வரும் தொல்லை பெரும்பாலும் தீரும். கல்சியம் நைத்திரேற்றை வேறு சல்பேற்று, பொசுபேற்றுப் பசளையோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள். அடியில் வெள்ளை மண்டியாக இறங்கிவிடும், இரண்டுமே வீண்.

முட்டைக்கோதை உடைத்துப் போடுவது தவறில்லை. அது கரைய மாதக்கணக்காகும். மாவாக அரைத்துக் கூட்டெருவில் கலந்தால் அடுத்த நடுகைக்கு உதவும், இப்போது கறுக்கும் காய்க்கு உதவாது.

மற்றவை

புது இலை முழுவதும், நரம்போடு சேர்ந்து சீராக வெளிறினால் கந்தகம். எப்சம் உப்பே அதையும் தரும். தேசியில் இலை சின்னதாகி, நெருங்கி, பொட்டுப் பொட்டாக மஞ்சளித்தால் நாகம். பீப்பாவில் வளர்த்த பப்பாசியில் காய் மேடும் பள்ளமுமாக வந்தால் போரன். இந்தச் சின்னச் சத்துகளைத் தனித்தனியே வாங்கி அளந்து போடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். போரன் குறையும் நஞ்சும் கிட்டக் கிட்ட இருப்பவை. எல்லாம் கலந்த அல்பேட் கரைசல் போன்ற ஒன்றைப் பாதி அளவில், வாரம் ஒருமுறை கொடுத்தாலே போதும்.

குறை போலத் தெரிந்து ஏமாற்றுபவை

வெண்டியில் நரம்பு மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக நின்றால் அது சத்துக் குறை இல்லை, வெள்ளை ஈ பரப்பும் நரம்பு மஞ்சள் வைரசு. சத்துக் குறையில் நரம்பு பச்சையாக நிற்கும், அல்லது இலை முழுவதும் சேர்ந்து வெளிறும்; நரம்பு மட்டும் இப்படி மஞ்சளாவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தால் பல பைக்கற் பசளை மிச்சம். அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள்.

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் பேன்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டு அடிப்பக்கம் வெண்கல நிறமானால் சிற்றுண்ணி. இரண்டையும் கல்சியக் குறை என்று நினைத்துப் பசளை போடுவார்கள். வெள்ளைத் தாளின் மேல் குருத்தைத் தட்டிப் பாருங்கள், பேன்பூச்சி ஓடும். சிற்றுண்ணி கண்ணுக்குத் தெரியாது, கைவில்லை வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். தக்காளி மண் ஈரமாக இருந்தும் பச்சையாகவே ஒரே நாளில் வாடினால் பற்றீரியா வாடல். தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் உறுதி. அந்தச் சாடி மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம்.

சரியாகிறதா என்று எப்படிப் பார்ப்பது

மஞ்சளித்த பழைய இலை பச்சைக்குத் திரும்புமா என்று காத்திருக்காதீர்கள். நைதரசன், மகனீசியம் கொடுத்தால் ஓரளவு திரும்பலாம். கருகியது கருகியதுதான். பார்க்க வேண்டியது சிகிச்சைக்குப் பின் விரியும் இலையை. அடையாளத்துக்கு உச்சிக் குருத்தின் கீழே ஒரு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். நூலுக்கு மேலே வருவது நல்ல நிறத்தில் வந்தால் வழி சரி. மிளகாய், தக்காளியில் ஒன்றரை, இரண்டு வாரத்தில் பதில் தெரியும். தேசி, கறிவேப்பிலைக்கு அடுத்த கொழுந்து வரும்வரை பொறுக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். யூரியா, எப்சம் உப்பு, இரும்பு மூன்றையும் ஒரே நாளில் போட்டுச் செடி தேறினால் எது வேலை செய்தது என்று தெரியாது. செடி போனாலும் தெரியாது. ஒரே வகைச் செடி நாலு இருந்தால் ஒன்றை அப்படியே விட்டு மூன்றுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இதற்கு மேலும் பிடிபடவில்லை என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அழைக்குமுன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன செடி, நட்டு எத்தனை வாரம், சாடி எவ்வளவு பெரிது, மண்ணில் என்னென்ன கலந்தது, கடைசியாக என்ன போட்டது, மழைக்கு முன்னா பின்னா, முதலில் மாறியது மேல் இலையா கீழ் இலையா, வினாகிரிக்கு மண் நுரைத்ததா.